சொன்னது அஞ்சலை, எழுதியது சுந்தரி

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் சிவகாமசுந்தரி முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், முனிசிபல் ஆபீஸ் கடிதம், எதுவானாலும் சரி. கீழே யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கண் மேலே ஏறும். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் அவளைப் பதினைந்து வருஷமாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். அவள் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரி தலைமுறைகளாக மலாக்காவிலேயே இருக்கும் செட்டிக் குடும்பத்துப் பெண்மணி. பேச்செல்லாம் மலாய், தமிழ் நாலு வார்த்தைதான் வரும். அந்த அம்மாள் வந்தவர் போனவரிடமெல்லாம், "தெங்கோ, டியா பாச்சா டாரி பாவா" என்று சொல்லிச் சிரிப்பாள். பாருங்கள், இவள் கீழேயிருந்து படிக்கிறாள் என்று அர்த்தம்.

சுந்தரி பிறந்தது ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில். பால்வெட்டுக்காரர் மகள். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அவர்கள் குடியிருந்த லயத்தில் எழுதத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை அவள் என்பதால், பதினோரு வயதிலேயே ஊருக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன. ஒரு தடவை ஒரு அத்தை கோபத்தில் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவிட்டாள். ஊரிலிருந்த தம்பிக்காரர், "இது அக்கா சொன்னதில்லை, எழுதின குட்டி சேர்த்தது" என்று பதில் போட்டுவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இரண்டு பெயர் போடுவது வழக்கமாயிற்று. சொன்னது இன்னார், எழுதியது சுந்தரி. சொன்னதற்கு அவர்கள் பொறுப்பு, எழுதியதற்கு இவள் பொறுப்பு.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவள் புருஷனைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். திரும்பி வரவில்லை. நாற்பத்தாறில் அவள் தனியாக மலாக்கா டவுனுக்கு வந்து, பண்டார் ஹிலிரில் பவளம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சடிப்பதும், நோட்டு ரிஜிஸ்தர் கட்டி விற்பதும் கம்பெனியின் தொழில். அப்போது மொத்தம் ஒன்பது பேர். காகிதம் எண்ண வந்தவளை, கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று முன்னறையில் ஆர்டர் எழுத உட்கார வைத்தார் மேனேஜர் பொன்னுதுரை. யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாக இங்கிலீஷ் படித்தவர்.

ஐம்பத்தொன்றில் காகிதம் வெட்டும் மெஷினை ஓட்டிய சீனக் கிழவர் வேலையை விட்டுவிட்டு மகனிடம் சிங்கப்பூர் போய்விட்டார். அவர் போன மறுநாள் கத்தி நடுவழியில் நின்றது. மழை நாளில் அது அப்படி நிற்கும், அதற்கு அவர் ஏதோ செய்வார், என்ன செய்வார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் வேலை முடங்கிக் கிடந்தது. முதலாளி தினம் வந்து கத்திவிட்டுப் போனார். கடைசியில் கிழவர் மிச்ச சாமானை எடுத்துப் போக வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சுந்தரி ஒரு பள்ளிக்கூட நோட்டோடு பஸ் நிலையத்துக்கு ஓடினாள். அவர் மலாயில் சொன்னார், இவள் தமிழில் எழுதினாள். பஸ் கிளம்புமுன் அடியில் இரண்டு பெயரையும் போட்டாள்.

மெஷின் ஓடியது. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொருவராகப் பிடித்தாள். எழுதத் தெரிந்தவர்களை எழுதச் சொன்னாள், தெரியாதவர்களிடம் கேட்டு எழுதினாள். ஒரு வேலைக்கு ஒரு தாள். எல்லாம் முன்னறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். யாரும் எடுத்துப் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம். ஆனால் அழிக்கக் கூடாது. பழையது படிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, கீழே புதியதை எழுதி, திருத்தியவர் பெயர் போட வேண்டும். அச்சுக் கோக்கும் சிஹாபுதீன் தன் வேலையை எழுதிவிட்டு, கூடவே இன்னொரு தாளும் எழுதி மாட்டினான். 'மேனேஜருக்குத் தேத்தண்ணி போடும் முறை: தொப்பி போட்டு வந்தால் சீனி ஒரு கரண்டி. தொப்பியைக் கையில் பிடித்து வந்தால் இரண்டு கரண்டி, பேச்சுக் கொடுக்க வேண்டாம்.' பொன்னுதுரை அதைப் படித்து, ஒற்றைக் கோடு போட்டு, 'எப்போதும் ஒன்றரை' என்று திருத்திக் கையெழுத்தும் போட்டார். அந்தக் காலம் அப்படி இருந்தது.

ஐம்பத்தாறில் எல்லாம் மாறிற்று. சுதந்திரம் வரப்போகிறதென்று ஆனதும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். எந்த ஆபீஸுக்குப் போனாலும் இதே பேச்சு. துரை போய்விட்டால் இந்த வேலை எப்படி நடக்கும்? பழைய கிராணி ஓய்வு பெற்றால் அந்தப் பைல் எங்கே என்று யாருக்குத் தெரியும்? ரசீதுப் புத்தகம் அடிக்க வந்த ஓர் அதிகாரி சுவரில் தொங்கிய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எனக்குப் பன்னிரண்டு செய்து கொடு" என்றார்.

பொன்னுதுரை அன்றைக்கே வேலையில் இறங்கினார். அவர் சும்மா இருந்தார் என்று சொன்னால் அது பொய். கெட்டி அட்டை, பித்தளைத் திருகாணி, தாளைக் கழற்றி மாட்டும் வசதி, ஓரத்தில் எழுத்து வரிசை, எல்லாம் அவர் யோசனை. 'வேலை ஏடு' என்று பெயர் வைத்தார். ஒரு வருஷத்துக்குள் எஸ்டேட் ஆபீஸ், துறைமுக ஆபீஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று ஆர்டர் குவிந்தது. ஒன்பது பேர் நாற்பது பேர் ஆனார்கள். பின்கட்டில் கொட்டகை போட்டு இரண்டு வரிசை மேஜை வந்தது.

வாங்குகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி ஏடு வேண்டியிருந்தது. பவளம் கம்பெனியின் எல்லா வேலையும் அதில் இருக்க வேண்டும் என்றார் பொன்னுதுரை. எல்லாத் தாளும் இருந்தன, ஒன்றைத் தவிர. பசை.

பசை காய்ச்சுவது அஞ்சலை. ஐம்பது வயசு, சுந்தரிக்கு முன்பே கம்பெனிக்கு வந்தவள். மரவள்ளி மாவில் அவள் காய்ச்சும் பசையில் ஒட்டிய அட்டையை வெயிலும் பிரிக்காது, மழையும் பிரிக்காது. ஆணியில் தொங்கிய தாள்களைப் பார்த்து, "நான் சொல்ல மாட்டேன்மா" என்று ஆறு வருஷமாகத் தப்பித்து வந்தவள் அவள். இந்த முறை சுந்தரி விடவில்லை.

"சொல்லிப்புட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றாள் அஞ்சலை.

"என்னக்கா இப்படிப் பேசுறீங்க. கீழ சொன்னது அஞ்சலைன்னு போடுவேன். உங்க பேரு இல்லாம அந்தத் தாளே இல்ல."

"போட்டியா போடலையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன பள்ளிக்கூடமா போனேன்?"

"எழுதி முடிச்சுட்டுப் படிச்சுக் காட்டுவேன். படிச்சுக் காட்டாம நான் யாருக்காச்சும் எழுதியிருக்கேனா?"

அது உண்மை. எஸ்டேட்டில் கடிதம் எழுதிய காலத்திலிருந்தே அந்த ஒழுங்கு அவளிடம் இருந்தது. எழுதியதைச் சொன்னவருக்கு முதல் வரியிலிருந்து படித்துக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அடியில் பெயர். அஞ்சலைக்கும் அது தெரியும். சரி என்றாள்.

ஐம்பத்தேழு ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்த சுந்தரி நேரே கொட்டகைக்குப் போய் அடுப்புப் பக்கம் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். அஞ்சலை மாவைக் கரைத்தாள், துணியில் வடிகட்டினாள், அண்டாவில் ஊற்றினாள், கிண்டினாள். எத்தனை டின் மாவு, எவ்வளவு தண்ணீர், தீ எப்போது தணிக்க வேண்டும், துடுப்பிலிருந்து எப்படி வழிந்தால் பதம் என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினாள். எழுதி முடிக்கவும் முன்னறையிலிருந்து ஆள் வரவும் சரியாக இருந்தது. பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார், போட்டோ எடுக்க வேண்டும், மாதிரி ஏடு உடனே வேண்டும், எல்லாத் தாளும் அதில் இருக்க வேண்டும்.

"அப்புறமா படிச்சுக் காட்டுறேன்க்கா" என்று அடியில் இரண்டு பெயரையும் போட்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்த அப்புறம் வரவில்லை. மறுநாள் இருக்கலாம், அதற்கு மறுநாள் இருக்கலாம். ஆர்டர் எழுதவே நேரம் போதவில்லை. முப்பது வருஷத்தில் அவள் படித்துக் காட்டாமல் பெயர் போட்டது அந்த ஒரு தாளுக்குத்தான்.

ஆகஸ்டில் தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. சிஹாபுதீன் அதைக் கொட்டகை நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்.

"'வளரும் மலாக்கா நிறுவனம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிளை திறக்கிறது. ஒரு தொழிலாளி விலகினாலும் அவருடைய அறிவு நிறுவனத்தை விட்டு விலகாது என்கிறார் மேனேஜர் திரு. பொன்னுதுரை. இந்த அரிய யோசனை ஒருநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது தமக்கு உதித்ததாக அவர் கூறினார்.'" பத்திரிகையை இறக்கிச் சுந்தரியைப் பார்த்தான். "ஏன்க்கா, அன்னிக்குக் கண்ணாடி பிடிச்சிட்டு நின்னது நீங்கதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரி சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே அச்சிலிருந்து புதிய தாள்கள் வந்தன. வழக்கப்படி அடியைப் பார்த்தாள். 'சொன்னவர், எழுதியவர்' என்ற கோடு இல்லை. அந்த இடத்தில் கம்பெனி முத்திரை இருந்தது. மாதிரி ஏட்டிலும் எல்லாத் தாளையும் பெயர் இல்லாமல் புதிதாக டைப் அடித்து மாட்டிவிட்டார்கள். பழைய கையெழுத்துத் தாள்கள் குப்பைக் கூடையில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"என்ன பிள்ளை, ஏன் முகத்தை உப்பி வச்சிருக்கிறீர்?" என்றார் பொன்னுதுரை.

"பேரு எங்கய்யா?"

"வாங்கிறவங்களுக்குப் பேர் எதுக்கு? நாளைக்கு ஒருத்தர் விலகிப் போனால் அவரின்ரை பேரை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது? வேலை தெரிஞ்சால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

"முகம் மழிக்கிறப்ப உங்களுக்குத் தோணினதுன்னு போட்டிருக்கே, அந்தப் பேரு மட்டும் எதுக்கு?"

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, "பத்திரிகைக்காரன் எழுதினது. அதை ஏன் பெரிசாக்கிறீர்" என்று பேனாவை எடுத்துக்கொண்டார்.

அவள் தாள்களோடு வெளியே வந்தாள். ஒரு மாதம் அவரிடம் ஆர்டரைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாகச் சுதந்திரம் கொண்டாடியபோது அவள் அறைக்குள் உட்கார்ந்து அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். என் யோசனை, என் கையெழுத்து, என் பெயர். அந்த மாதம் முழுக்க அவள் கோபமெல்லாம் தன்னைப் பற்றியே இருந்தது. நீக்கிய பெயர்களில் அஞ்சலையின் பெயரும் இருந்ததே, அதற்காக அவள் ஒருநாளாவது கோபப்பட்டாளா என்று கேட்டால், இல்லை. பிற்பாடு அவளே அப்படித்தான் சொன்னாள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அஞ்சலை முன்னறைக்கு வந்தாள். கையில் துணிப்பை. பையில் அவளுடைய துடுப்பும் ஒரு காலிப் போத்தலும்.

"மேனேஜரு வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாரு" என்றாள். "எல்லாம் எழுதியாச்சாம். அந்தத் தாளப் பாத்து எவளும் காய்ச்சுவாளாம். பின்கட்டுல மல்லிகான்னு ஒரு புள்ள, போன மாசம் வந்துச்சே, அது காய்ச்சப் போவுது."

சுந்தரி எழுந்து நின்றாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, சொல்லிப்புட்டா நான் எதுக்குன்னு. நீதான் பெரிசாப் பேசுன." அஞ்சலை கத்தவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

சுந்தரி மேனேஜரிடம் போனாள். பழைய ஆள், பதினைந்து வருஷத்து ஆள் என்றாள். கம்பெனி வளருகிறது, கோலாலம்பூர்க் கிளைக்கு ஆள் எடுக்க வேண்டும், இங்கே ஆட்களைக் குறைத்தால்தான் முடியும் என்றார் அவர். அவள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த ஆர்டரை எழுதினாள். அன்றே அவளும் எழுந்து போயிருக்கலாமே என்று இன்றைக்கு உட்கார்ந்து கேட்பது சுலபம். அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. தனி ஆள், வாடகை அறை, நாற்பது வயசு. தோன்றியதை ஒதுக்கிவிட்டாள்.

மழைக்காலம் வந்தது. டிசம்பரில் மூவாரிலிருந்து ஓர் எஸ்டேட் ஆபீஸ் நாலு ஏட்டைத் திருப்பி அனுப்பியது. அட்டையின் துணியெல்லாம் அரித்து, முதுகு பிரிந்து, தாள்களின் ஓரம் சல்லடையாகியிருந்தது. கரப்பானும் புத்தகப் பூச்சியும் வேலை செய்திருந்தன. அடுத்த வாரம் தம்பினிலிருந்து ஆறு. அதற்கடுத்த வாரம் துறைமுக ஆபீஸிலிருந்து ஒரு கைவண்டி நிறைய.

பொன்னுதுரை பசைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு மல்லிகாவை நாலு முறை காய்ச்சச் சொன்னார். தாளில் உள்ளபடியே எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பூச்சி மட்டும் விடாமல் வந்தது. "நீர் போய் அந்த மனிசியிட்டைக் கேட்டுக்கொண்டு வாரும்" என்று சுந்தரியை அனுப்பினார்.

அஞ்சலை அப்போது டவுனுக்கு வெளியே செமாபோக்கில் மகள் வீட்டில் இருந்தாள். வாசலில் அடுப்புப் போட்டு ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். சுந்தரியைப் பார்த்ததும், "பசியாறிட்டியா?" என்று கேட்டு ஓர் ஆப்பத்தை இலையில் வைத்து நீட்டினாள். சுந்தரி விஷயத்தைச் சொன்னாள்.

"துத்தத் தண்ணி ஊத்துறாங்களா?" என்றாள் அஞ்சலை.

"என்ன துத்தம்?"

"மயில்துத்தம். அது இல்லாம ஊரு பூச்சியெல்லாம் விருந்துக்கு வராதா? நான் முதநாள் சாயந்திரமே வீட்டுல போத்தல்ல ஊறப் போட்டுருவேன். விஷம் பாரு. கொட்டகையில தேத்தண்ணி போடுறாங்க, அங்க வைக்கப்படாது. காலையில ஏழு மணிக்கு மொத வேலையா அண்டாத் தண்ணியில அத ஊத்திட்டுத்தான் அடுப்பே பத்த வைப்பேன்."

சுந்தரியின் கையில் ஆப்பம் அப்படியே இருந்தது. எட்டு மணிக்கு வந்து பெட்டி போட்டு உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. அண்டாவில் தண்ணீர் முன்பே இருந்தது. பசை இலேசாக நீலம் அடிக்கும். பதினோரு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஏன் நீலம் என்று ஒருநாள் கேட்டதில்லை.

"ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நீ கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். மாவுலேருந்து கேட்ட, மாவுலேருந்து சொன்னேன். படிச்சுக் காட்டுறேன்னியே, படிச்சிருந்தா, அடியே துத்தம் எங்கடின்னு கேட்டிருப்பேன்ல." அஞ்சலை அடுத்த ஆப்பத்தைத் திருப்பினாள். "எழுதிக்க. ஒரு அண்டாவுக்கு ரெண்டு நெல்லிக்கா அளவு. மழை நாள்ல மூணு."

விலை பேசவில்லை, வேலையைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. கேட்டதும் சொன்னாள். சுந்தரி எழுதினாள். முழுக்கப் படித்துக் காட்டினாள். அஞ்சலை தலையாட்டினாள்.

கம்பெனிக்குத் திரும்பியதும் தாளைப் பொன்னுதுரை மேஜையில் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "தப்பு என்னோடது. நான் படிச்சுக் காட்டல. அஞ்சலையக்காவைத் திரும்ப எடுக்கணும்." அவர் தாளைப் படித்தார். "பாப்பம்" என்றார். மறுநாளே மயில்துத்தம் ஒரு டின் வந்து இறங்கியது. பூச்சி நின்றது. அஞ்சலையைக் கூப்பிடவில்லை.

ஐம்பத்தெட்டு ஜனவரியில் அதே பத்திரிகையில் அதே பக்கத்தில் இன்னொரு செய்தி வந்தது. சிஹாபுதீன் இந்தத் தடவை சத்தம் போட்டுப் படிக்கவில்லை. மடித்துக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, "கோவப்படாதீங்கன்னு சொல்லமாட்டேன்க்கா" என்று நகர்ந்துவிட்டான்.

'பவளம் கம்பெனியின் வேலை ஏட்டில் ஏற்பட்ட குறை நீக்கப்பட்டது. அஞ்சலை என்ற பெண் தொழிலாளி பசை தயாரிக்கும் முறையில் முக்கியமான ஒரு பொருளை வேண்டுமென்றே மறைத்துவிட்டதே காரணம் எனத் தெரியவந்துள்ளது. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வாடிக்கையாளர்கள் பழைய ஏடுகளைத் திருப்பி அனுப்பிப் புதியது பெறலாம்.'

சொன்னவர் பெயர் வேண்டாம் என்றவர்கள், பழி போட மட்டும் அந்தப் பெயரைத் தேடி எடுத்திருந்தார்கள்.

சுந்தரி பத்திரிகையோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை.

"இது பொய்."

"இரும், இரும்."

"உக்கார வரல. நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? தப்பு யாரோடதுன்னு சொன்னேன்? அவங்க கேட்டதும் சொன்னாங்க. ஆப்பத்துக்குக்கூடக் காசு வாங்கல. அந்த மனுஷிய இப்படிப் போடுறதுக்கு உங்களுக்குக் கை எப்படி வந்துச்சு?"

பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொல்லிறதைக் கேளும். எழுதினவர் பிழை விட்டார் எண்டு போட்டால், வாங்கினவங்கள் என்ன நினைப்பாங்கள்? அப்ப மற்றத் தாளெல்லாம் சரியோ எண்டு கேப்பாங்கள். எங்கட ஏடே பிழை எண்டு ஆயிடும். ஒரு மனிசி மறைச்சவ எண்டால் அது ஒரு மனிசியின்ரை குணம். ஏட்டுக்கு ஒண்டுமில்லை. நாப்பது குடும்பம் இதிலை சாப்பிடுது, விளங்குதோ?"

"நாப்பத்தொண்ணாவது குடும்பம் எதுல சாப்பிடும்?"

"சிங்கப்பூர்க் கிளைக்குத் தலைமைக் கிராணி வேணும். உம்மைத்தான் யோசிச்சிருக்கிறன்."

அவளுக்கு அந்த நேரத்தில் அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் பரவாயில்லை. தன் பேச்சை அவர் முழுக்க நம்பினார், அதுதான் தாங்க முடியவில்லை. "பேப்பர்ல திருத்தம் போடுங்க, நான் சிங்கப்பூர் இல்ல, எங்க வேணாலும் போறேன்" என்றாள். முடியாது என்றார். அப்படியானால் தானும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். அந்த ஒரு காகிதத்தில் மட்டும் சொன்னதும் எழுதியதும் அவளே.

நேரே செமாபோக் போனாள். அஞ்சலைக்குச் செய்தி முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. குழாயடியில் ஒருத்தி, "என்னமோ ஒளிச்சு வச்சியாமே, ஆப்பமாவுலயும் எதையாச்சும் ஒளிக்கிறியா?" என்று கேட்டாளாம். அன்று காலை ஆப்பம் வாங்க வந்தவர்கள் பாதிப் பேர்தான். மருமகன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வேலைய விட்டுட்டேன்க்கா" என்றாள் சுந்தரி.

"எனக்காகவா?"

"ஆமா."

"நல்லாருக்கு போ." அஞ்சலைக்கு அன்றுதான் கோபம் வந்தது. "நீ வேலைய விட்டா என் பேரு வந்துருமா? இப்ப ரெண்டு பேரும் வீதியில. நான் திருடினேன்னு சொல்லியிருந்தாக்கூட, வயித்துக்குத் திருடினான்னு விட்டுருவாங்க. வேலைக்கு விஷம் வச்சவன்னு சொல்லிட்டாங்க சுந்தரி. எத்தனை வருஷமா என் கையால ஒட்டுனது ஒண்ணு பிரிஞ்சிருக்கா?"

"நான் நாலு பேர் முன்னாடி வந்து சொல்றேன், தப்பு என்னோடதுன்னு. குழாயடிக்கே வாறேன். சிஹாபுதீன் நோட்டீஸ் அடிச்சுத் தாரேன்னு சொல்லுது. வீடு வீடாப் போட்டுரலாம்."

"நோட்டீஸு யாருக்கு வேணும்? நாளைக்கு அதுல கடலை மடிப்பாங்க. பேப்பர்ல போட்டுத்தானே அசிங்கப்படுத்துனாங்க? அதே பேப்பர்ல போடு. அஞ்சலை மறைக்கல, எழுதுனவதான் படிச்சுக் காட்டலன்னு போடு. உனக்கு எழுதத் தெரியும், எனக்குத் தெரியாது. நீதான் போட்டுத் தரணும்."

சுந்தரி போட்டுத் தருகிறேன் என்றாள்.

நாலு வரிதான். அன்றே எழுதி அனுப்பினாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். பிறகு கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிப் பத்திரிகை ஆபீஸுக்கே போனாள். அங்கே இருந்த உதவி ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். பவளம் கம்பெனி வாரா வாரம் விளம்பரம் கொடுக்கிறது, கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் போடலாம் என்றார். யாரைப் பற்றிப் புகார் சொல்கிறாளோ அவரிடமே கடிதம் வாங்கி வரச் சொல்கிறாரே என்று அவள் கேட்டதற்கு, அதுதான் நடைமுறை அம்மா என்றார்.

பிறகு அவள் மலாக்கா கோர்ட்டுக்கு எதிரே ஒரு மேஜை போட்டு மனு எழுதிப் பிழைத்தாள். யாருக்கு எழுதினாலும் இரண்டு முறை படித்துக் காட்டினாள். பொறுமையில்லாதவர்கள், "அட போதும்மா, கையெழுத்துப் போடவா?" என்றால், கத்துவாள். எப்போதும் கோபம். காரணம் தெரியாதவர்கள், அந்த மனு எழுதுகிற அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்றார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை பத்திரிகைக்கு அந்த நாலு வரியை அனுப்பினாள். ஆசிரியர்கள் மாறினார்கள். 'இடமின்மையால் இயலவில்லை' என்று ஒரே ஒரு பதில் வந்தது. அடியில் பெயர் இல்லை, ரப்பர் முத்திரைதான்.

இடையில் பவளம் கம்பெனி பினாங்கிலும் கிளை திறந்தது. அந்தச் செய்தி அரைப் பக்கம் வந்தது. அதற்கு இடம் இருந்தது.

அறுபத்திரண்டில் சுந்தரி காய்ச்சலில் படுத்து, பன்னிரண்டு நாளில் போய்விட்டாள். பெட்டியில் அந்த நாலு வரியின் நகல் ஒன்பது இருந்தது, ஒவ்வொன்றிலும் தேதி போட்டு. வீட்டுக்காரச் செட்டி அம்மாள் அவற்றைச் செமாபோக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அஞ்சலை வாங்கி, ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்து, மலாயில் கேட்டாள்: இது பேப்பரில் வந்ததா, கையெழுத்தா? கையெழுத்து என்றாள் அந்த அம்மாள். அஞ்சலை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் இன்னும் செமாபோக்கில்தான் ஆப்பம் சுடுகிறாள். காலையில் பேப்பரோடு வருகிறவர்களிடம் இலையை நீட்டும்போது, நம்ம சேதி ஏதாச்சும் வந்திருக்கா என்று கேட்கிறாள். சுந்தரி போட்டுத் தருகிறேன் என்று சொன்னது இதுவரை பேப்பரில் வரவில்லை.